மறைக்கல்வி அறைச் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் மகனுக்கு நாளையோடு நான்கு மாதம் முடிகிறது. அவன் வந்த பிறகு எங்களுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். சோமனூர்ப் பக்கம் சொந்தமாக ஆறு விசைத்தறி ஓட்டுகிறோம், தறிக் குடோனை ஒட்டியே வீடு. மாசமாக இருந்தபோதும் நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன், அதனால் பையனுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. தறி ஓடினால் தூங்குவான், கரண்ட் போனால் விழித்துக்கொள்வான். 24-ஆம் தேதி மதியம் பண்டிகைக்காக வீட்டுக்காரர் தறிகளை நிறுத்தினார். அவ்வளவுதான், சாயங்காலம் வரை பொட்டுத் தூக்கமில்லை. கச்சாயம் சுட ஒருத்தி, தொட்டில் ஆட்ட ஒருத்தி என்று நானும் அத்தையும் மாறி மாறி நின்றோம். கடைசியில் அவர் போய் ஒரே ஒரு தறியை மட்டும் கால் மணி நேரம் ஓட்டினார். பத்தாவது நிமிடத்தில் பையன் கண் அயர்ந்துவிட்டான்.

சர்ச்சில் இரவு பூசை 11.30-க்கு. பத்தரைக்கே போனால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்று கிளம்பினோம். மார்கழிப் பனி. குல்லா, சாக்ஸ், அத்தையின் கம்பளி எல்லாம் சுற்றிப் பையனின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. கிடைத்த இடமோ ஸ்பீக்கர் பெட்டி மாட்டிய தூணுக்குக் கீழே.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் குறித்துக் கொடுத்த நேரம் இரவு 11.55 முதல் 12.30 வரை. எங்கள் ஊர்ப் பையன்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். டாண் என்று 11.55-க்குக் கோவில் வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். என் மகன் இரண்டு கையையும் விரித்து மூச்சை உள்ளே இழுத்தான். முகம் சிவந்துவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. அழுகை வெளியே வருவதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் மறைக்கல்வி வகுப்பறை இருக்கிறது, பூட்டிக் கிடந்தது. சாவி கோவில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம். அவரோ பூசையில் பாடும் வானவர் கீதத்துக்கு மணி அடிக்கவும் குடிலுக்கு லைட் போடவும் பீடத்துப் பக்கம் நிற்கிறார், அவரைக் கூப்பிட முடியுமா? யாரோ ஒரு அண்ணன் தன் ஆம்னி வண்டியைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதற்குள் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்ததை ஸ்பீக்கரில்தான் கேட்டேன். துணைக்கு வந்த அத்தை, "மாதாவுக்கே சத்திரத்துல எடங் கெடைக்கல, உனக்கு மட்டும் கெடைச்சுருமாக்கும் அம்மிணி" என்றார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

நள்ளிரவுப் பூசையை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. சின்ன வயதில் அம்மா மடியில் தூங்கி வழிந்தபடி நான் பார்த்த கிறிஸ்துமஸ் அதுதான். ஆனால் பூசைக்கான திருப்பலிப் புத்தகத்திலேயே இந்த விழாவுக்கு நான்கு திருப்பலிகள் இருக்கின்றன. 24-ஆம் தேதி மாலைக்கென்றே திருவிழிப்புத் திருப்பலி ஒன்று உண்டு. ரோமாபுரியிலேயே 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நள்ளிரவுத் திருப்பலியை இரவு 10 மணிக்கு மாற்றிக்கொண்டார். எங்களைப் போன்ற சின்னப் பங்குக் கோவில்களில் மாலை 6 மணிக்கு ஒரு பூசை வைத்தால் கைக்குழந்தைக்காரிகளும் முட்டி வலிக்காரர்களும் நிம்மதியாக வந்து போவோம். ஒரே சாமியார் இரண்டு மூன்று ஊரைப் பார்க்கிறார் என்பது எனக்கும் தெரியும், அதனால் இது உடனே நடக்காமல் போகலாம். காலைப் பூசைக்குப் போக வேண்டியதுதானே என்பவர்கள், விடிந்ததும் பத்துப் பேருக்குச் சந்தகை பிழிந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த அறையைத் திறந்து வைக்க மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பேருந்து நிலையங்களுக்கே 2015-இல் பாலூட்டும் அறை வந்துவிட்டது. இங்கே புதிதாகக் கட்டக்கூட வேண்டாம். இருக்கிற அறையில் நாலு நாற்காலியும் ஒரு ஃபேனும் போட்டுக் கதவுக்கு ஒரு துணித்திரை மாட்டினால் போதும். அப்புறம், சரவெடியை வாசலில் வைக்காமல் எதிரில் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டு போகலாம். அந்தப் பையன்களில் இரண்டு பேர் எங்கள் தறிக்கு வருகிறவர்கள்தான். சொல்லியிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறார்கள்.

31-ஆம் தேதி இரவும் இதே 11.30 பூசைதான். அத்தை போகிறார். நானும் பையனும் வீட்டில் இருக்கப் போகிறோம். அன்று தறி ஓடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோமனூர்.