மார்ஜை இன்னொரு முறை சாகடிக்காதீர்கள்: சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர் மேட் செல்மன் அவர்களுக்கும், 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரை எழுதும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். 2025 ஏப்ரலில் உங்கள் தொடருக்கு மேலும் நான்கு சீசன்கள் நீட்டிப்பு கிடைத்தது. நாற்பதாவது சீசன் வரை, அதாவது 2029 வரை, ஹோமர், அவர் மனைவி மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா அடங்கிய குடும்பம் எங்களோடு இருக்கப்போகிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், அடுத்த மாதமே, 36ஆம் சீசனின் கடைசி எபிசோடான 'எஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வந்தது. அதில் கதை பல வருடங்கள் முன்னால் தாவியது. மார்ஜ் உயிரோடு இல்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'தொண்ணூறுகளோடு நிறுத்தியிருக்க வேண்டும்' என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை நான். அப்படிச் சொல்பவர்களில் பலர் புது எபிசோடுகளைப் பார்ப்பதே இல்லை. 2022இல் வந்த 'பிக்ஸலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' எபிசோடைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு வராது. ஊர் இல்லை, கூட்டம் இல்லை, பிரபலங்களின் கௌரவத் தோற்றம் இல்லை. பனிக்காட்டில் மாட்டிக்கொண்ட ஹோமரும் மார்ஜும் மட்டும்தான். சுவாரசியம் வற்றிப்போன ஒரு தாம்பத்தியத்தில் இன்னும் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்பதை அந்த இருபது நிமிடங்களில் காட்டினீர்கள். தொடரின் முதல் பத்து சீசன்களுக்குப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம்.

2024இல் லேரியை அனுப்பிவைத்ததும் அப்படித்தான். மோவின் மதுக்கடையில் முதல் சீசனிலிருந்து உட்கார்ந்திருந்த மனிதர். அவர் பேசி யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. அவர் இறந்துபோன பிறகுதான் ஹோமருக்கும், கூடக் குடிக்கும் நண்பர்கள் லென்னிக்கும் கார்லுக்கும், கடைக்காரர் மோவுக்கும் உறைக்கிறது: இத்தனை காலம் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாதே என்று. சிரிக்க வைக்கும் ஒரு தொடர் பின்னணியில் இருந்த ஒரு முகத்துக்கு இவ்வளவு மரியாதை செய்தது என்னை உலுக்கிவிட்டது. லேரி இனி வரமாட்டார். அதனால்தான் அந்த எபிசோடு கனமாக இருக்கிறது.

சரி, இப்போது மார்ஜுக்கு வருவோம்.

'எஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' எபிசோடின் முதல் பாதி அருமை. பார்ட்டும் லிசாவும் சேர்ந்து 'இட்சி அண்ட் ஸ்கிராட்சி' என்ற கார்ட்டூன் பார்ப்பது நின்றுபோகிறது. அதோடு இருவரும் ஒன்றாக உட்காரக் காரணமும் போய்விடுகிறது. அண்ணன் தங்கைக்கு நடுவே விரிசல் விழுவது சண்டையால் அல்ல, இப்படிச் சின்னதாக ஏதோ ஒன்று நின்றுபோவதால்தான் என்று எவ்வளவு சரியாகப் பிடித்தீர்கள்! அங்கேயே நின்றிருக்கலாம். பத்து வயதுப் பையனும் எட்டு வயதுப் பெண்ணும் இந்த விரிசலை அந்த வயதிலேயே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று காட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கதை எதிர்காலத்துக்கு ஓடியது. அம்மா இறந்துபோயிருக்கிறார், அவர் விட்டுச்சென்ற வீடியோ பிள்ளைகளைச் சேர்த்துவைக்கிறது. அந்தக் காட்சியில் என் கண்ணும் கலங்கியது. மார்ஜுக்குக் குரல் கொடுக்கும் ஜூலி கேவ்னரின் குரலில் ஒரு தாய் பிரியாவிடை சொன்னால் கலங்காமல் எப்படி இருக்கும்?

ஆனால் அப்புறம் நடந்தது என்ன? மார்ஜ் செத்துவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. எதிர்கால எபிசோடுகள் எல்லாம் வெறும் கற்பனைதான், இந்தத் தொடரில் 'இதுதான் உறுதியாக நடந்தது' என்று எதுவும் கிடையாது என்று நீங்களே விளக்கம் சொன்னீர்கள். விளக்கம் சரிதான். 1991இல் வந்த எபிசோடின்படி ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளி முடிக்கும் பிள்ளைகள். 2008இல் வந்த எபிசோடின்படி தொண்ணூறுகளில்தான் அவர்கள் காதலர்கள். இதற்காகச் சண்டை போடும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. வயது ஏறாத குடும்பத்துக்குக் காலண்டர் நகர்ந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

என் கேள்வி வேறு. எதுவும் உறுதியில்லை என்றால், எங்களை எதற்காக அழச் சொல்கிறீர்கள்? அடுத்த சீசனில் மார்ஜ் சமையலறையில் நின்றுகொண்டிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுதுபவர் எந்த விலையும் கொடுக்காமல் பார்ப்பவரிடம் கண்ணீரை வாங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

எதிர்காலத்துக்குப் போவதே தவறு என்று சொல்லவில்லை. 1995இல் வந்த 'லிசாஸ் வெட்டிங்' எம்மி விருது வாங்கிய எபிசோடு. 2010இல் லிசாவுக்குக் கல்யாணம் நடக்கப்போவதாகக் கதை. நிஜத்தில் அந்த 2010 வந்து போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன, லிசாவுக்கு இன்னும் எட்டு வயதுதான். ஆனாலும் அந்த எபிசோடு பழசாகவே இல்லை. கடைசியில் அது திருவிழாவுக்கு, குறிசொல்லும் பெண்ணிடமிருந்து திரும்பி வரும் சிறுமியிடம் வந்து முடிகிறது. தன் குடும்பத்துக்காக ஒரு கல்யாணத்தையே உதறப்போகும் எதிர்காலத்தைக் கேட்டுவிட்டு வந்த லிசா, ஹோமர் உளறுவதை ஆசையாகக் கேட்டபடி அவரோடு நடக்கிறாள். எதிர்காலம் அங்கே நிகழ்காலத்துக்காக வேலை செய்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை போய்விட்டோம்! 2000, 2005, 2011, 2014, 2015, 2021, இப்போது 2025. இதில் 2011இல் வந்தது தொடரே முடிந்துவிடலாம் என்ற நிலையில் இறுதி எபிசோடாகவும் இருக்கட்டும் என்று எழுதியது, அதனால் அதன் பிரியாவிடைத் தொனிக்குக் காரணம் இருந்தது. மற்றவற்றில் பார்ட் உருப்படாமல் போவதையும் லிசா பெரிய ஆளாவதையும் வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. 2024 செப்டம்பரில் 'பார்ட்ஸ் பர்த்டே'யில் போலியாக ஒரு இறுதி எபிசோடையே போட்டு, தொடர்களை முடிப்பவர்கள் செய்யும் எல்லா வழக்கங்களையும் கிண்டலடித்தீர்கள். பார்ட் அந்த முடிவை ஏற்காமல் முரண்டு பிடித்தான். என்ன அழகான எபிசோடு அது! அதே சீசனின் கடைசியில், பார்ட் எதிர்த்த அதே வழக்கத்துக்கு நீங்களே ஏன் போனீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இழப்பைப் பற்றி எழுத உங்களுக்கு எதிர்காலம் தேவையே இல்லை. உங்களிடம் ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ் இருக்கிறார். இவர்கள் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் காலம் யாரையாவது தொட்டிருக்கிறது என்றால் அவரைத்தான். 2000இல் அவர் மனைவி மாட் இறந்துபோனார். 2013இல் மார்சியா வாலஸ் மறைந்தபோது அவர் குரல் கொடுத்த எட்னாவுக்கு, அதாவது பார்ட்டின் டீச்சரும் நெட்டின் இரண்டாவது மனைவியுமானவருக்கு, வேறு குரல் தேடாமல் விடைகொடுத்தீர்கள். நெட் இரண்டாவது முறை தனியானார். 2021இல் 'டைரி குவீன்' எபிசோடில், நெட் வீட்டுப் பழைய பொருட்களோடு எட்னாவின் டைரி பார்ட் கைக்கு வந்தது. டீச்சர் தன்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார் என்று நம்பி அவன் ஒழுங்காகப் படிக்கத் தொடங்க, கடைசியில் அந்தப் பாராட்டு அவர் வளர்த்த பூனைக்கு என்று தெரிகிறது. ஒரு சிறுவனும், மனைவியை இழந்த ஒருவரும் ஒரே ஆளை நினைத்து ஏங்குகிறார்கள். இதைவிடக் கண்ணியமான அஞ்சலியை அனிமேஷனில் நான் பார்த்ததில்லை. 2024 கிறிஸ்துமஸுக்கு வந்த இரட்டை எபிசோடில் நெட் தன் இறைநம்பிக்கையையே இழக்கும் கட்டம் வந்தபோது நாங்கள் அதை நம்பினோமே, ஏன்? அவர் இழந்தவை எல்லாம் உண்மையாகவே போய்விட்டவை.

ஜூலி கேவ்னரின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இலிருந்து மார்ஜுக்கு அவர்தான் குரல். இப்போது அது கரகரத்து, தளர்ந்திருக்கிறது. ரசிகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தளர்ச்சியில் மார்ஜ் இன்னும் நெருக்கமாகிறார். கத்துகிற, பதறி ஓடுகிற காட்சிகளை அவருக்குக் குறைத்துவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்து லிசாவிடம் தணிந்த குரலில் பேசும் காட்சிகளை, தூக்கம் வராத இரவில் ஹோமரிடம் மனம் திறக்கும் காட்சிகளை எழுதுங்கள். இருபது நிமிடமும் மார்ஜுக்கே என்று ஒரு எபிசோடு கொடுங்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு சிநேகிதி, ஒரு கோபம், வீட்டுக்குத் தொடர்பே இல்லாத ஒரு ஆசை இருக்கட்டும். அந்தக் குரல் நம்மிடம் இருக்கும்போதே அதை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸுக்குக் குரல் கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் கெல்லி மக்லியோடும் நன்றாகவே பேசுகிறார். முன்பு குரல் கொடுத்த பமீலா ஹேடனின் இடம் பெரியது, அதில் அவர் பொருந்திக்கொண்டுவிட்டார்.

என் வேண்டுகோள் இதுதான். கையில் இருக்கும் சீசன்களில் ஒருமுறைகூட எதிர்காலத்துக்குத் தாவாதீர்கள். பார்ட்டும் லிசாவும் விலகிய அந்தக் கதையை மறுபடி எடுங்கள். இம்முறை அவர்கள் சிறுபிள்ளைகளாகவே இருக்கட்டும், விரிசலைக் கவனித்துச் சரிசெய்பவராக மார்ஜ் உயிரோடு பக்கத்தில் இருக்கட்டும். நாற்பதாவது சீசனோடு தொடர் முடிவதாக இருந்தால், அந்தக் கடைசி எபிசோடிலும் யாருக்கும் நரை வேண்டாம், கல்லறை வேண்டாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காட்டுங்கள் போதும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்