கமிட் வரலாறு சொல்லிக்கொடுப்பது

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். மழை வந்தால்தான் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது. பெங்களூரில் உன் வீட்டு வேலை முடிந்ததா?

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதத் தெரிகிறது, அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருத்தத்தான் தெரியவில்லை என்று சொன்னாயே, அது மனதிலேயே நின்றுவிட்டது. கல்லூரியில் நாங்கள் அதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. வாட்டர்ஃபால், அஜைல் என்று மென்பொருள் உருவாக்கும் முறைகளைப் போர்டில் படம் போடுகிறோம். ப்ராஜெக்டை குழுவில் ஒருவர் செய்வார். சிலர் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியே வந்துவிடுவார்கள்.

அதனால் இந்த செமஸ்டரில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் வேலை முழுவதையும், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்து வைக்கும் கிட்ஹப் தளத்துக்கு மாற்றினேன். மெயின் கிளையில், அதாவது நிரலின் முதன்மைப் பிரதியில், யாரும் நேரடியாகக் கைவைக்க முடியாது. "என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும், சோதனைகள் தானாக ஓடும், குழுவில் இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் சேரும். முதலில் எல்லோரும் "சூப்பர்", "ஓகே" என்று எழுதித் தள்ளினார்கள். அப்படித் தலையாட்டிச் சேர்த்த ஒரு மாற்றம் லாகின் பக்கத்தையே முடக்கியது. அந்த இடத்துக்குச் சோதனையே எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டு வரி வரியாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் "இந்த மதிப்பு காலியாக வந்தால் என்ன ஆகும்?" என்பது போன்ற கேள்விகள் வர ஆரம்பித்தன. அதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

டேவிட் கோல்ப் 1984-இல் எழுதிய அனுபவக் கற்றல் சுழற்சி நினைவிருக்கிறதா? செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்தை எடுப்பது, அதை மறுபடி செய்து பார்ப்பது. நம் ப்ராஜெக்டுகள் முதல் படியிலேயே நின்றுவிடும். இரண்டாம் படிக்குத்தான் இந்தக் கருவிகள் பெரிய துணை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் கிடக்கிறது. நினைவிலிருந்து அறிக்கை எழுதச் சொல்லாமல், அந்த வரலாற்றையே விரித்து வைத்து "இதை ஏன் இப்படி மாற்றினீர்கள்?" என்று வைவாவில் கேட்கிறேன். வாங்கி வந்த ப்ராஜெக்ட் அந்தக் கேள்வியைத் தாங்காது.

கமிட் எண்ணிக்கைக்கு மார்க் போடலாமே என்றார் சக ஆசிரியர் ஒருவர். வேண்டாம் என்றேன். ஒரு வரிக்கு ஒரு கமிட் என்று உடைத்துவிடுவார்கள்.

சரி, உன்னிடம் ஓர் உதவி. ஒரு குழுவின் புல் ரிக்வெஸ்டுகளை அங்கிருந்தே படித்துக் கருத்து எழுத முடியுமா? பிள்ளைகள்தானே என்று விட்டுக்கொடுக்காதே. உங்கள் ஆபீஸில் எழுதுவது போலவே எழுது. சம்மதம் என்றால் உன் கணக்கின் பெயரை அனுப்பு, இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்