இடது காதைக் கேட்டு வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

புது இயர்போன் வாங்க நீ எழுதிய மூன்று பெயர்களையும் பார்த்தேன். எட்டிமோட்டிக் ஈஆர்4எஸ்ஆர், ஷ்யூர் எஸ்இ846, சென்ஹைசர் ஐஇ600. "எதை வாங்கட்டும், ஒரே வரியில் சொல்லும்மா" என்கிறாய். முப்பது வருஷம் பிறர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவள் நான். ஒரே வரியில் சொல்ல மனசு வரவில்லை.

உன் இடது காதிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வயதில் நீச்சலுக்குப் போனாயே, தண்ணீர் போகாமலிருக்கக் காது அச்சு எடுத்தேன். வலது அச்சு சுலபமாக வந்துவிட்டது. இடது அச்சு உள்ளே போகப் போகக் கொக்கி மாதிரி திரும்பியிருந்தது, எடுக்கும்போது நீ அழுதாய். காது வளர்ந்திருக்கும், அந்த வளைவு அங்கேதான் இருக்கும்.

எட்டிமோட்டிக் எனக்குப் பிடித்த கருவி. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மீட் கில்லியன் எங்கள் துறைக்காரர், காது மெஷினுக்காக உழைத்தவர். 1991-இல் அவர்கள் கொண்டுவந்த ஈஆர்-4-இன் வாரிசுதான் நீ பார்த்தது. உள்ளே இருப்பது ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். காது மெஷினுக்குள் இருக்கும் அதே வகைக் குட்டி ஒலிப்பான், நாங்கள் ரிசீவர் என்போம். தேவைக்கு மேல் எதையும் கூட்டாமல் பாடும். ஆனால் அதன் மூன்றடுக்கு ரப்பர் முனை காதுக்குள் ஆழமாக இறங்கினால்தான் அந்த அழகு. வலது காதில் பிரச்சினை இராது. இடது காதில் அந்த வளைவில் இடித்து, பத்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிடுவாய். அதோடு உனக்குக் காதழுக்கும் அதிகம். அதன் நுண்ணிய வடிகட்டியை அடிக்கடி மாற்ற நேரும்.

இணையத்தில் எல்லாரும், எந்தச் சுரத்தை இயர்போன் எவ்வளவு உரக்கக் கொடுக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வைத்துப் பேசுகிறார்கள். அந்த வரைபடம் ஒரு கப்ளரில் அளந்தது. கப்ளர் என்பது சராசரிக் காதின் ஒலிக்குணத்தைக் காட்டும் உலோகக் குழாய், உன் காது அல்ல. மூடாத காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அது தானாகவே 2,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். இயர்போனால் துளையை அடைத்ததும் அந்தத் தூக்கல் போய்விடும். அதனால்தான் செய்பவர்கள் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் திருப்பி ஏற்றி வைக்கிறார்கள். எவ்வளவு ஏற்றினால் சரி என்பது காதுக்குக் காது மாறும். ஒருவருக்கு வயலின் இனிக்கும் இடத்தில் இன்னொருவருக்குக் குத்தும். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

கடையில் உட்கார்ந்து உன் காதாலேயே அளந்து பார். அப்பாவின் மிருதங்கப் பதிவைப் போடு. மிருதங்கத்தின் கீழ்ச்சுரப் பக்கமான தொப்பியில், கும்கி என்கிற அந்த உருளும் நாதம் எழுகிறதா? எழாவிட்டால் உடனே இயர்போனைக் குறை சொல்லாதே. முனைக்கும் காதுத் தோலுக்கும் நடுவில் எங்கோ காற்று கசிகிறது, கீழ்ச் சுரமெல்லாம் அந்த வழியாகப் போய்விடுகிறது. முனையின் அளவை மாற்று. இடதுக்கு ஒரு அளவும் வலதுக்கு வேறு அளவும் போடலாம், உனக்கு அப்படித்தான் அமையும் என்று நினைக்கிறேன். அடுத்துத் தம்பூரா. ஜீவா நூல் வைத்த தந்தியின் அந்த ரீங்காரம் பட்டு மாதிரி விரிய வேண்டும், கண்ணாடித்தூள் மாதிரி உதிரக் கூடாது.

ஷ்யூரில் நான்கு ரிசீவர்கள். நல்ல கைவேலைதான். ஆனால் அதன் மின்தடை 9 ஓம்தான், அதுவும் சுரத்துக்குச் சுரம் ஏறி இறங்கும். நீ ஆசையாக வைத்திருக்கும் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையருக்கே சொந்த மின்தடை அதிகமாக இருக்கும், அதில் மாட்டினால் இதன் குணமே மாறிவிடும். உனக்கு வேண்டாம்.

சென்ஹைசரை உன் மாமா பையனிடம் வாங்கி ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன். ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், அதாவது ஒலிபெருக்கி மாதிரி சவ்வு அதிர்ந்து பாடும் வகை, 18 ஓம். சிர்க்கோனியம் கலந்த உலோகத்தில் முப்பரிமாண அச்சில் செய்த சின்ன உடம்பு, காதின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறது. தொப்பி மூச்சு விடுகிற மாதிரி கேட்டது. உன் இடது காது இதைத்தான் ஏற்றுக்கொள்ளும். இதையே வாங்கு.

இது இரவில் வீட்டில் கேட்பதற்கு மட்டும். ரயிலுக்கு உன்னிடம் இரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன் இருக்கிறதே, அது போதும். சென்ஹைசரைப் போட்டுக்கொண்டு ரயில் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றாதே தம்பி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். மூன்று டெசிபெல் ஏற்றினால் நேரம் பாதியாகும். 89-இல் கேட்டால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான்.

ஒரு தவில்காரர் என்னிடம் வந்தார். பரிசோதித்தபோது அவர் கேட்கும் திறனைக் காட்டும் கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்தது. "பேசுறது கேக்குதும்மா, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்றார். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. அன்று வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த உன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலுக்கு வரும்போது புது இயர்போனைக் கொண்டு வா. காது பார்க்கும் டார்ச் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, இடது காதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். பிறகு அப்பாவின் பதிவை நானும் அதில் கேட்க வேண்டும். எனக்கென்று சின்ன அளவு முனை ஒரு ஜோடி தனியாக எடுத்து வை.

அன்புடன்,
அம்மா