ஃபேரி கதை படிக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு பதிப்பில் ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். படிவம் நான்கில் படிக்கும் தம் மகள், ஃபேரி எனப்படும் மாய இனத்து இளவரசர்களை மனிதப் பெண்கள் காதலிக்கும் ஆங்கில நாவல்களிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், நமக்குக் கொஞ்சமும் ஒட்டாத கதைகள் அவை என்று வருத்தப்பட்டிருந்தார். பெற்றவரின் கவலை புரிகிறது. ஆனால், ஒட்டாத கதைகள் என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். வரும் பெண்பிள்ளைகள் பலரின் பையில் அப்படியொரு தடித்த நாவல் இருக்கும். டிக்டாக்கில் ஒருத்தி பார்த்து வாங்குவாள், அப்புறம் அது கைமாறிக்கொண்டே போகும். நானும் வாங்கிப் படிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது, ஓவியம் வரையும் மனிதப் பெண்ணுக்கும் ஃபேரி இனத்து இளைஞனுக்கும் காதல் வருகிற வகைதான். ஃபேரிகளுக்கு மூப்பு இல்லை. பொய் சொல்ல முடியாது, ஆனால் உண்மையையே வளைத்துப் பேசி ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். இரும்பு அவர்களுக்கு ஆகாது. அவர்கள் தரும் உணவைத் தின்றவன் ஊர் திரும்ப மாட்டான். இவற்றில் பல அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் வழிவழியாக வருபவை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த தாமஸ் என்ற கவிஞரை ஃபேரி ராணி தன் நாட்டுக்கு அழைத்துப்போய், ஏழு ஆண்டு வைத்திருந்து, பொய் பேசாத நாக்கைக் கொடுத்து அனுப்பினாள் என்று ஒரு பழைய கதைப்பாடல் இருக்கிறது.

இன்றைய நாவல்கள் சிலவற்றில் இன்னொன்றும் வருகிறது. அத்தனை மாயமும் தெரிந்த அந்த இனத்துக்குத் தன் கையால் ஒரு பொருளைச் செய்யத் தெரியாது. ஒரு படம் வரைய முடியாது, ஒரு வாய்ச் சோறு சமைக்க முடியாது. அதனால் பல நூறு வயதான இளவரசன் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் தூரிகைக்கு முன்னால் அசையாமல் வந்து உட்காருகிறான். அவன் தேடி வருவது அவள் கைத்திறனை. என்னிடம் படிக்கும் பெண்கள் இதை விழுந்து விழுந்து படிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். உன் கை செய்கிற வேலைக்கு மதிப்பு உண்டு என்று அவர்களிடம் இவ்வளவு அழகாக வேறு யார் சொல்கிறார்கள்?

சரி, நம்மிடம் இது இல்லையா? சீவக சிந்தாமணியை எடுத்துப் பாருங்கள். 3145 பாடல்கள், 1887இல் உ.வே.சா. பதிப்பித்துத் தந்தது. அதில் காந்தருவதத்தை விஞ்சையர் குலத்துப் பெண், அதாவது வானில் திரியும் வித்தியாதரர் குலம்; அவர்களின் அரசன் கலுழவேகனின் மகள். அவளை வீணையில் வெல்பவனே அவளுக்குக் கணவன் என்ற நிலையில் தந்தை அவளை மண்ணுலகுக்கு அனுப்பி வைக்கிறான். அரசகுமாரர்கள் வரிசையாக வந்து தோற்கிறார்கள். சீவகன் வருகிறான். கொடுத்த வீணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் ஊறிய மரம், இது இடி விழுந்த மரம் என்று தள்ளிவிடுகிறான். குற்றமில்லாத வீணை கைக்கு வந்த பிறகுதான் வாசிக்கிறான், வெல்கிறான். கருவியின் மரத்தைக்கூட அறிந்த ஒரு மனிதக் கலைஞனிடம் விஞ்சையர் மகள் தோற்று, அவனையே மணக்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் வந்துவிட்ட கதை இது. சீவகன் அதற்குப் பிறகும் பலரை மணந்தவன், இன்றைய பெண்கள் அதைக் கேட்டால் கோபப்படுவார்கள். படட்டும், அவர்கள் விருப்பப்படி மாற்றி எழுதட்டும்.

பாகவதத்தில் உஷையின் கதையும் எனக்கு நெருக்கமானது. கனவில் கண்டவன் யாரென்று தெரியாமல் அவள் தவிக்க, தோழி சித்திரலேகை தேவர், கந்தருவர், மனிதர் என்று வரிசையாக வரைந்து காட்டுகிறாள். கிருஷ்ணனின் பேரன் அநிருத்தனின் படம் வந்ததும் உஷை நாணித் தலை குனிகிறாள். அங்கே காதலைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே ஓவியம்தான்.

இவ்வளவு ஏன், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது நிமிர்ந்து பார்த்தாலே போதும். நம் கோயில் கோபுரங்களில் கந்தருவரும் யாளியும் நிற்பது மனிதக் கைகள் சுதையில் செய்து வண்ணம் தீட்டியதால். சிலைக்கும் கடைசியில் கண் திறப்பது ஒரு ஸ்தபதிதான். தெய்வமே மனிதனின் உளிக்குக் காத்திருக்கிற மரபில் பிறந்த பிள்ளைகளுக்கு, அந்த ஓவியப் பெண்ணின் கதை எப்படி ஒட்டாமல் போகும்?

அந்தத் தந்தை சொன்னதில் ஒன்று சரி. இந்த வகையில் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட, படுக்கையறைக் காட்சிகள் நிறைந்த தொடர்களும் இருக்கின்றன. அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கடைகளிலும் சில சமயம் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. பெற்றோர் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது. அதற்காக வகை முழுவதையும் தடுத்தால் பிள்ளை ஒளித்து வைத்துப் படிப்பாள், நம்மிடம் பேச மாட்டாள், அவ்வளவுதான்.

என் மனக்குறை வேறு. நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் தோட்டப்புற வாழ்க்கையை உயிரோடு எழுதியிருக்கிறார்கள். சிறுவர் கதைகளும் வருகின்றன. நடுவில் நிற்கும் பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களுக்குத் தமிழில் என்ன கொடுக்கலாம் என்று தேடினால் கையில் அகப்படுவது மிகக் குறைவு. இங்கே கதைக்கா பஞ்சம்? காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்து மனிதரை மணக்கும் ஓராங் புனியான் பற்றி நம் மலாய் நண்பர்கள் எத்தனையோ சொல்வார்கள். மலாக்கா சுல்தான் பெண் கேட்டபோது பொன்னால் பாலமும், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயமும், கடைசியில் ஒரு கிண்ணம் இளவரசனின் இரத்தமும் கேட்ட குனோங் லேடாங் மலை இளவரசியை எல்லோருக்கும் தெரியும். ஜார்ஜ் டவுன் சுவர்களில் படம் வரையும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம், பினாங்கு மலைக் காட்டிலிருந்து ஒரு புனியான் இளைஞன் இறங்கி வந்து தன் முகத்தை வரையச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, இளையோருக்கான மாயக் காதல் தொடர்கதை ஒன்றைத் தொடங்குங்கள். எழுதுபவர் இருபது வயதுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இதே வகையில் ஒரு சிறுகதைப் போட்டி வைக்கலாம். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் அறிவித்தால் எழுத நேரம் கிடைக்கும். கதைகளுக்குப் படம் வரையும் பொறுப்பை என் மாணவிகளுக்குத் தாருங்கள், கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு