உறைக்குள் ஓர் இலை

மயிலாடுதுறை
புரட்டாசி 6

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். வேலை கூடிவிடும் என்பதால் மாடித் தொட்டிகளை இப்போதே ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள் ஆறு வாங்கியதில் நாலு அழுகிவிட்டது, ஒரு நாள்கூடத் தண்ணீர் விடாமல் இருந்ததில்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கும் போன ஐப்பசியில் இதேதான் நடந்தது. ஊட்டியிலிருந்து எச்சிவேரியா மூன்று வாங்கி வந்திருந்தேன். ரோஜாப்பூ விரித்து வைத்த மாதிரி அடுக்கடுக்கான இலை. அடைமழையில் நாலு நாள் நனைந்தது. ஐந்தாம் நாள் அடியிலைகள் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தன. விரல் பட்டதும் கழன்று விழுந்தன. தண்டின் அடி கறுத்துப் போயிருந்தது. இரண்டு செடி போய்விட்டது.

மூன்றாவதைக் காப்பாற்றினேன். எப்படி என்று சொல்கிறேன், உன்னிடம் மிச்சமிருக்கும் இரண்டுக்கு உதவும். சுத்தமான பிளேடால் தண்டை அறுத்துக்கொண்டே மேலே போனேன். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி துளிகூட இல்லாமல், முற்றாத வெள்ளரிக்காய் நறுக்கிய மாதிரி வெளிர்பச்சை தெரியும் வரை அறுக்க வேண்டும். பிறகு அந்தத் தலையை ஒரு காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்து, நிழலில் விட்டுவிட்டேன். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் தூக்கிப் பார்த்தால், நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர்! பேத்தியைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் மண்ணில் நட்டேன்.

இந்தச் செடிகள் மற்ற செடிகளைப் போல மூச்சு விடுவதில்லை, மல்லிகா. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, கரியமில வாயுவை இழுத்துப் புளிப்பாக, அதாவது மாலிக் அமிலமாக, இலைக்குள் சேர்த்து வைக்கும். மறுநாள் வெயிலில் அந்தப் புளிப்பை எடுத்துச் சமைக்கும். அதனால்தான் இவ்வளவு குறைந்த தண்ணீரில் பிழைக்கிறது. ராத்திரியும் சூடு தணியாவிட்டால் துளைகள் சரியாகத் திறக்காது. ஊட்டிச் செடி நம் ஊரில் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, நடுப்பகலில் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813இல் லாம்பர்ட் என்ற தாவரவியலாளருக்குக் கடிதம் எழுதினார். எந்தக் கருவியும் இல்லை, நாக்கு மட்டும்தான். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. நானும் நுனியளவு கிள்ளி மென்று துப்பிப் பார்த்தேன். காலை ஆறு மணிக்குப் புளியாரைக் கீரை மாதிரி இருந்தது, மத்தியானம் வெறும் பச்சைத் தண்ணீர். வேறு கள்ளிகளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

உன் செடிகள் நர்சரியிலிருந்து வந்த தேங்காய் நார்த்தூளிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அதை உதறிவிடு. அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பருமணல் அல்லது செங்கல் உடைசல், ஒரு பிடி மண்புழு உரம், போதும். கொத்தனார் மணல் சலித்த பிறகு சல்லடையில் தங்குகிறதே, அது கிடைத்தால் விடாதே. அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் வை. கீழே தட்டு வைக்காதே, தண்ணீர் அதில்தான் தேங்குகிறது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியை அடி வரை செருகி எடு. மண் ஒட்டி வந்தால் விட்டுவிடு. சுத்தமாக வந்தால் ஓட்டை வழியே வழியும் வரை ஊற்று, மறுபடி காயும் வரை தொடாதே. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளி வை. செடி கழுத்தை நீட்டி ஒல்லியாக வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். கிழக்குப் பால்கனி இருக்கிறதே, காலை வெயில் அருமையாக இருக்கும். இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடு.

உங்கள் சீர்காழி வீட்டு நிலைவாசலில் அம்மா தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட சோற்றுக்கற்றாழை நினைவிருக்கிறதா? வேர் மேலே, இலை கீழே, மண் கிடையாது. நாம் எட்டாவது படித்த வருஷம் முழுக்க அது பச்சையாகவே தொங்கியது. நுனி மட்டும் மேல்பக்கமாக வளைந்திருக்கும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அது உன் தலையில் இடிக்கும். அம்மாவிடம் கேட்டுப் பார், இன்னும் நிறையச் சொல்வார்.

இந்த உறையில் ஒரு ரணகள்ளி இலை வைத்திருக்கிறேன். பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போட்டதா என்று தினமும் பிரித்துப் பார்ப்போமே, அதே இலைதான். இரண்டு மூன்று நாள் தபாலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஈர மணல் மேல் படுக்கப் போட்டு வை. ஓரத்து வெட்டுகளில் முதல் முளை எந்தப் பக்கம் வந்தது என்று எழுது.

அன்புடன்,
ராஜி