தொழில்முனைவோர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளக் காரணம் உண்டு. இந்த அறிக்கையில் பாதி அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாளைக் காலை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சென்ற ஆண்டுப் பேரவைக் கூட்டக் குறிப்புகள் ஏற்கப்பட்டன. சங்கப் பதிவுக்கான படிவங்கள் உரிய காலத்தில் தாக்கல் செய்யப்பட்டன. ஜிஎஸ்டி விளக்கக் கூட்டம் ஒன்று நடந்தது. அலுவலகக் கூரை ஒழுகியது, அடைத்தோம். செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. மூன்று முறை கோரம் இல்லை, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆட்கள் வரவில்லை.

இனி உதவி மேசை பற்றி. இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் முதல், சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை, சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். 'உட்கார்ந்தோம்' என்பது மரியாதைக்காக. பெரும்பாலான சனிக்கிழமைகளில் உட்கார்ந்தது நான் மட்டும்தான். முதன்முதலாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு தரும் மானியக் கடன்களில் எது பொருந்தும், என்னென்ன காகிதம் வேண்டும், வங்கியில் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. கட்டணம் கிடையாது.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 2012-13இலிருந்து இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே வந்தது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான உற்பத்தி, சேவைத் தொழில்களுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியம். அதற்கு மேல் வட்டியில் 3 சதவீதம் சலுகை. வேலையில்லா இளைஞர்களுக்கான யுஒய்இஜிபியிலும் 25 சதவீதம்தான், ஆனால் உச்சவரம்பு 3.75 லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை. மத்திய அரசின் பிஎம்இஜிபியில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம். ஆளையும் ஊரையும் பொறுத்து மானியம் 15 முதல் 35 சதவீதம். முத்ரா கடனை எல்லோரும் சப்சிடி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் பிணை கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். மானியம் என்று ஒரு பைசா கிடையாது.

இதெல்லாம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலே சொல்வார்களே, நமக்கு எதற்கு மேசை என்று இரண்டாவது வாரமே ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதுவே பதிலாக இருக்கட்டும்.

தையல் யூனிட் போட நினைத்த ஒரு பெண் ஜூலையில் வந்தார். கிராமப் பகுதி, திட்ட மதிப்பு 20 லட்சம். பிஎம்இஜிபியில் பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், அதாவது 7 லட்சம் மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம், ஒரு லட்சம். எல்லாம் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் 7,00,000 என்று எழுதிக் கோடு போட்டு, அதன் கீழே இரண்டு ஓவர்லாக் மெஷின், ஒரு இன்வெர்ட்டர், மூன்று மாத வாடகை என்று வரிசையாகக் கணக்கு. அந்த 7 லட்சம் கைக்கு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வராது. வங்கி கொடுப்பது 19 லட்சம் கடன். மானியம் பின்னால் வந்து, அவர் பெயரிலேயே மூன்று ஆண்டு வைப்பாக வங்கியில் உட்கார்ந்திருக்கும். அந்த வைப்புக்கு வட்டி வராது; கடனில் அதே அளவு தொகைக்கு வங்கியும் வட்டி போடக்கூடாது. மூன்று ஆண்டு கழித்து, யூனிட் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். மானியம் வந்து சேர்கிற வரைக்கும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடும். இதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து இன்வெர்ட்டரை அடித்தார், வாடகையை அடித்தார், கொஞ்சம் யோசித்து ஒரு ஓவர்லாக்கையும் அடித்தார். அப்புறம், "சார், முதல் மூணு மாசத் தவணைக்கு ஆர்டர் கையில இருக்கணும், அப்படித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான். இன்று அவர் யூனிட் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் தலைமுறை என்று அரசு உத்தரவில் ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் தொழில் செய்தவர் யாரும் இல்லை என்பது அதன் பொருள். அப்பா கடை வைத்திருந்த பிள்ளைக்கு பில் புத்தகமும் கடன் பாக்கியும் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். இவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் ஏஜெண்டிடம் போகிறார்கள். சிறு தொழில்கள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு 2020 ஜூலையில் தொடங்கிய நாளிலிருந்து இலவசம். அதற்கே பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களை மேசையில் பார்த்தேன்.

ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. இப்படி மூன்று பெயரோடு வந்த ஒருவருக்கு அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் போனது. இன்னொருவர் நிலத்தின் விலையையும் திட்ட மதிப்பில் சேர்த்து அறிக்கை தயாரித்திருந்தார். பிஎம்இஜிபியில் நிலத்தைச் சேர்க்க முடியாது. மூன்றாமவர் கதைதான் எனக்கு இன்னும் மனசு ஆறாதது. நகை அடகு வைத்து மெஷின் வாங்கி, உத்யம் பதிவும் செய்து, ஆறு மாதம் ஓட்டிய பிறகு மானியம் கேட்டு வந்தார். புதிதாகத் தொடங்கும் யூனிட்டுக்கு மட்டுமே தருவார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தானாகவே தொடங்கியதுதான் அவர் செய்த தவறு. அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன், சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஆண்டு முழுவதும் வந்தவர்கள் 31 பேர். விண்ணப்பம் போட்டவர்கள் 12 பேர். கடன் அனுமதி கிடைத்தது நான்கு பேருக்கு. நான்குதானா என்று கேட்பவர்கள், ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

அந்த நான்கில் ஒன்று எப்படிக் கிடைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 8 லட்சம் கடனுக்கு ஒரு வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதற்காகத்தான் 2000ஆம் ஆண்டிலிருந்தே கடன் உத்தரவாத நிதி என்று, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்ட ஒன்றை வைத்திருக்கிறார்கள். நானும் விண்ணப்பதாரரும் சங்க லெட்டர்ஹெட்டோடு போனோம். பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். அடுத்த முறை, அதே கிளையில் பதினைந்து ஆண்டாக நடப்புக் கணக்கு வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அவர் அதிகம் பேசவில்லை, "பையனைத் தெரியும் சார்" என்றார். நாற்காலி வந்தது. பத்திரப் பேச்சு அதோடு போயிற்று. அவருக்கு அன்று செலவானது மொத்தம் முக்கால் மணி நேரம்.

நம் 84 உறுப்பினர்களில் அப்படிப்பட்ட கணக்கு இல்லாதவர்கள் யார்? 1993இல் வந்த பிரதமர் ரோஜ்கார் யோஜனாவில் கடன் வாங்கித் தொடங்கியவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தை இன்னொன்றோடு சேர்த்துத்தான் 2008இல் பிஎம்இஜிபி ஆக்கினார்கள். பழைய கதையை ஆண்டு விழாவில் சுவையாகச் சொல்கிறார்கள், நானும் கைதட்டியிருக்கிறேன். அதையே சனிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்று குழுவில் போட்டேன். 23 பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். வந்தவர்கள் நான்கு பேர். அதில் நானும் தலைவரும் போக மீதி இரண்டு; அந்த இரண்டில் ஒருவர் மாடி அறைச் சாவி வாங்கிப்போக வந்தவர்.

இனி பிரிண்டர் விஷயம். செயலாளர் ஒப்புதல் இல்லாமல் பிரிண்டர் வாங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு. வாங்கியது உண்மை, ஸ்கேனரும் சேர்ந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் காகிதம் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடியதில் முதல் மூன்று மாதச் செலவு என் சட்டைப்பையிலிருந்து போனது. ஒப்புதல் கேட்கத்தான் ஆகஸ்டில் செயற்குழுவைக் கூட்டினேன். கோரம் இல்லை. வராத செயற்குழுவிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது என்று விதிமுறைப் புத்தகத்தில் தேடினேன், இல்லை. செப்டம்பரில் வாங்கினேன். இன்றைய கூட்டத்தில் பின்னேற்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கப் பணத்தில் வெளியாட்களுக்கு ஊழியமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டு ஆண்டாகச் சந்தா கட்டாதவர் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் கேட்கும் சங்கப் பணத்தில் அவர் பணம் இல்லை. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். மாதம் நூறு. 51 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பேரில் சிலர் கேட்டால் தருகிறேன் என்கிறார்கள், கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். மேசைக்கு வருகிற புதியவர்களிடம், கடன் தவணை ஒருநாள்கூடத் தவறக்கூடாது, கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் ஸ்கோர் விழுந்துவிடும் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நிலுவைப் பட்டியல் அப்போது என் பின்னால் சுவரில் தொங்குகிறது. நல்லவேளை, அவர்களில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

கணக்குகளைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக வந்திருக்கின்றன. 'இதர செலவுகள்' சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதில் பிரிண்டர் இருக்கிறது, கூரை இருக்கிறது, சில்லறையாகச் சிலவும் இருக்கின்றன. ரசீதுகள் பெரும்பாலும் ஃபைலில் உள்ளன. வைப்புத்தொகையைத் தொடவில்லை.

வழிகாட்டிய தலைவருக்கும், பொறுமையாக இருந்த பொருளாளருக்கும், கணக்கைத் தணிக்கை செய்துகொடுத்த ஆடிட்டருக்கும், மாவட்டத் தொழில் மைய அலுவலர்களுக்கும், அலுவலகத்தைப் பெருக்கித் திறந்து வைக்கும் அம்மாவுக்கும் நன்றி. சந்தா கட்டிய 51 பேருக்கும் தனித்தனியாக நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செயலாளர் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு அவ்வளவாக இல்லை. வீட்டிலும் சனிக்கிழமை பற்றிப் பேச்சு வந்துவிட்டது. யாராவது முன்வந்தால் ஃபைல்களை இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று தலைவர் கேட்டார். மாதம் ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தால் யோசிக்கலாம் என்றேன். பன்னிரண்டு மாதத்துக்கு இருபத்துநான்கு பெயர். அதற்கான தாள் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது கண்ணில் படாமல் போகாது.

விண்ணப்பம் போட்ட 12 பேரில் எட்டுப் பேருடைய காகிதங்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. அதில் இரண்டு பேர் வரும் சனிக்கிழமை வருகிறார்கள். பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டது. அலுவலகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்