‘விஷவாயு தாக்கி பலி’ என்பதோடு செய்தி முடியக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

‘செப்டிக் டேங்க்கில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி’ என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! இறந்தவரின் பெயர், வயது, ‘போலீஸார் விசாரித்து வருகின்றனர்’ என்று ஆறே வரி. இறங்கச் சொன்னது யார் என்பது மட்டும் இருக்காது.

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். நான் சங்கச் செயலாளர். போன ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி, லாரியை வரவழைத்தோம். உறிஞ்சி எடுத்த பிறகும் அடியில் கசடு இறுகிக் கிடந்தது. கூட வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். சட்டையைக் கழற்றி மடித்து லாரிப் படியில் வைத்துவிட்டு, இடுப்பில் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டான். “ஐந்நூறு சேர்த்துக் கொடுத்துடலாம், இறங்கட்டும்” என்று மாடியிலிருந்து ஒரு குரல். நான் போய்த் தொட்டி வாயை மறித்து நின்றுகொண்டேன். அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சிக் கசடைக் கரைத்து இன்னொரு லோடு எடுத்தார்கள். கூடுதல் செலவு 1,500 ரூபாய்.

அன்று எனக்குத் தைரியம் தந்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு 1950 முதல் இருக்கிறது. ஆனாலும் மலக்குழியில் இறங்குவது இன்னமும் பெரும்பாலும் பட்டியல் சாதிப் பிள்ளைகள்தான். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் என்ற அமைப்பு 2003-இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் கவசமின்றி சாக்கடையில் ஆளை இறக்குவது, அவசரம் என்றாலும் குற்றம்தான். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. யாரோ இரக்கப்பட்டுத் தரும் பணமல்ல இது, அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்துவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, கவசமின்றி இறக்கும் வீட்டுக்காரருக்கும் முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை உண்டு. எங்கள் குடியிருப்பில் இது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கிளம்பும்போது டிரைவர் சொன்னார்: “நீங்க வேணாம்னுட்டீங்க. அடுத்த தெருவுல இறங்குன்னுதான் சொல்வாங்க, அக்கா.”

அந்தத் தெருவிலும் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள். இனி இப்படியொரு சாவை எழுதும்போது, வேலைக்கு அழைத்தது யார், 2013 சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்கு நிருபரை அனுப்பி, 30 லட்சம் கைக்கு வந்ததா என்று கேட்டும் எழுதுங்கள்.

– வாசகி, கூடல்நகர், மதுரை